மூடிய குகையும் மூடாத வினாவும்
குரங்குக் கிரகப் படங்களும் அவற்றின் இரசிகரும்

ஒரு கதை முடிந்துவிட்டாலும் அதனைக் கேட்டவர் மனத்தில் அது முடிந்துவிடுவதில்லை. 'பிறகு என்ன நடந்தது?' என்ற வினா கதையைப் போலவே பழைமையானது. கோவலன் கதையைக் காப்பியமாகவும் கூத்தாகவும் கேட்டுவந்த நமக்கு, ஒரே கதை காலத்துக்கும் களத்துக்கும் ஏற்ப வேறு வேறு வடிவம் கொள்ளும் என்பது புதுச் செய்தியன்று. ஆனால் கதை சந்தைப் பண்டமாகி, அதனைத் தொடரவும் நிறுத்தவும் அடியிலிருந்து மீண்டும் தொடங்கவும் உள்ள உரிமை முழுவதும் ஒரு கம்பனியின் கைக்குப் போய்விட்ட காலத்தில், அந்தப் பழைய வினா புதியதொரு கூர்மையைப் பெறுகிறது. அடுத்து என்ன நடக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? கதையை நெஞ்சில் வைத்திருப்பவரா, உறுதிப் பத்திரத்தில் வைத்திருப்பவரா?

இவ்வினாவை ஆராய்வதற்கு ஹொலிவூட்டின் விஞ்ஞானக் கற்பனைப் படவரிசைகளுள் 'குரங்குகளின் கிரகம்' மிகப் பொருத்தமானது. 1968இல் தொடங்கிய இவ்வரிசை ஐந்து படங்களோடு 1973இல் ஓய்ந்தது. 2001இல் ஒருமுறை புதுக்கப்பட்டது. 2011இல் முற்றிலும் புதியதொரு தொடக்கம் பெற்று, 2024 வரையில் மேலும் மூன்று படங்களாக நீண்டது. கணினியை நிறுத்தி மீண்டும் இயக்குவதைக் குறித்த ஆங்கிலச் சொல்லே இவ்வகைத் தொடக்கத்துக்கும் இன்று வழங்குகிறது. தமிழில் அதனை மறுதொடக்கம் எனலாம். தொடர்ச்சிப் படம் என்பது இருக்கும் வீட்டின்மேல் ஒரு மாடி கட்டுவது. மறுதொடக்கம் என்பது அவ்வீட்டை இடித்துவிட்டு, அதே காணியில், அதே பெயரில், வேறொரு வீடு எழுப்புவது. இடிபட்டவை வெறுஞ் செங்கல்லும் சுண்ணாம்புமா, அவற்றோடு சில உண்மைகளும் புதைந்து போயினவா என்பதே நாம் பார்க்கவேண்டியது.

மூலக்கதை, பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1963இல் வெளியிட்ட நாவலாகும். 1912இல் அவிஞ்ஞோன் நகரிற் பிறந்து பொறியியல் பயின்ற பூல், 1936இல் மலாயாவுக்குச் சென்று ஆங்கிலேயரின் இறப்பர்த் தோட்டத்தில் தொழில்நுட்ப உத்தியோகம் பார்த்தார். போர் மூண்டபின் சுதந்திர பிரெஞ்சுப் படையிற் சேர்ந்த அவர், இந்தோசீனத்தில், விஷி அரசுக்கு விசுவாசமாயிருந்த பிரெஞ்சுக்காரராலேயே சிறைப்பிடிக்கப்பட்டுக் கடூழியத் தண்டனை பெற்றார், 1944இல் தப்பினார். ஆள்வோர் அணியில் இருந்தவன் கைதியாவதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர் அவர். குரங்குகள் நகரத்தில் உலாவ மனிதர் கூண்டில் அடைபட்டுக் கிடக்கும் ஓர் உலகத்தை அவர் கற்பனை செய்ததைப் படிப்போர், இவ்வாழ்க்கை வரலாற்றை மறத்தல் இயலாது.

பூலின் முன்னைய நாவலொன்று நம் நாட்டோடு நேரடித் தொடர்புடையது. 1952இல் வெளியான அவருடைய 'குவாய் ஆற்றுப் பாலம்' டேவிட் லீனின் நெறியாள்கையிற் படமானபோது, அந்தப் பாலம் நமது கித்துல்கலையில், களனி கங்கைக்குக் குறுக்கே கட்டப்பட்டு, 1957இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த இரயிற் பாதையை அமைக்கையில் மடிந்தோருள், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். படமோ நேசநாட்டுப் போர்க் கைதிகளின் கதையாகவே அமைந்தது. தோட்டத் தமிழரின் சாவுக்கு அதில் இடமில்லை. மறைப்பு இத்தோடும் முடியவில்லை. திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கல் வில்சன் ஆகிய இருவரும் அமெரிக்காவில் நிகழ்ந்த பொதுவுடைமை வேட்டையின் விளைவாகக் கறுப்புப் பட்டியலில் இடம்பெற்றிருந்தவர்கள். ஆதலின் அவர்கள் பெயர் திரையிற் காட்டப்படவில்லை. திரைக்கதைக்கான ஒஸ்கார் விருது, அதனை எழுதாத பூலின் பெயருக்கே வழங்கப்பட்டது. 1984இலேயே இருவருக்கும் உரிய பெருமை மீட்டளிக்கப்பட்டது. அப்போது இருவரும் உயிரோடில்லை.

இவற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. றொட் சேர்லிங் எழுதிய வரைவுகளைத் திருத்தி, 1968இல் வெளியான 'குரங்குகளின் கிரகம்' படத்தின் திரைக்கதையை உருவாக்கியவர் அதே மைக்கல் வில்சன்தான். இம்முறை இருவர் பெயரும் திரையில் இடம்பெற்றன. பிராங்கிளின் ஷஃப்னர் நெறிப்படுத்திய அப்படத்தில், சார்ல்ற்றன் ஹெஸ்ரன் நடித்த விண்வெளி வீரன் குரங்குகளின் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படுகிறான். அவன் பேசக்கூடியவன் என்பதைக் கண்ணெதிரே கண்டும், பேசும் மனிதன் இருத்தல் இயலாது என நீதிபதிகள் சாதிக்கின்றனர். விசாரணை மன்றங்களின் முன் நின்று தொழிலை இழந்த ஓர் எழுத்தாளனின் கசப்பு இக்காட்சியிலே தெரிகிறதல்லவா?

அதே படத்தில் அதனினும் ஆழமான ஒரு காட்சி உண்டு. சிம்பன்சி இனத்தைச் சேர்ந்த இளம் ஆராய்ச்சியாளன் கோர்ணீலியஸ், தடைசெய்யப்பட்ட வலயத்திலுள்ள ஒரு குகையை அகழ்ந்து, குரங்குகளுக்கு முன்பே மனித நாகரிகம் இருந்தமைக்குச் சான்று காண்கிறான். அங்கே கிடைத்த மனிதக் குழந்தைப் பொம்மையொன்று பேசுகிறது. பேசாத இனம் பேசும் பொம்மையைச் செய்யுமா? விஞ்ஞான அமைச்சும் மதக் காவலும் ஒருங்கே வகிக்கும் ஒராங் உட்டான் சேயஸ், உண்மையை நன்கறிந்தவன். அறிந்தவனாதலாலேயே குகையை வெடிவைத்து மூடிவிடுகிறான். கடற்கரை மணலிற் புதையுண்டு கிடக்கும் சுதந்திர தேவியின் சிலையோடு முடியும் இறுதிக் காட்சியையே உலகம் இன்றுவரை பேசுகிறது. எனினும் இவ்வரிசை முழுவதற்கும் திறவுகோல் அந்தச் சிலையிலும் பார்க்க அந்தக் குகையிலேதான் உள்ளது. வரலாற்றை யார் மூடுகிறார்கள், யார் தோண்டுகிறார்கள் என்பதே இப்படங்களின் அடிநாதம்.

முதற் படம் பெருவெற்றி பெற்றது. உடனே தொடர்ச்சி வேண்டுமென்றது கம்பனி. 1970இல் வந்த இரண்டாம் படத்தில் பேரழிவுக் குண்டொன்று பூமியையே எரித்துவிட்டது. கதையின் நிலமே அழிந்தபின் தொடர்ச்சி ஏது? ஆயினும் இரண்டாம் படமும் இலாபந் தந்தமையால், மூன்றாவதும் எழுதப்பட வேண்டியதாயிற்று. திரைக்கதை ஆசிரியர் போல் டேன், வெடிப்புக்குச் சற்று முன் மூன்று சிம்பன்சிகளை விண்கலமொன்றில் ஏற்றிக் காலத்திற் பின்னோக்கி அனுப்பினார். 1971இல் வெளியான அப்படத்தில் கோர்ணீலியசும் ஸீராவும் அன்றைய அமெரிக்காவுக்கு வந்து, விருந்தோம்பப்பட்டு, ஐயுறப்பட்டு, வேட்டையாடப்பட்டு மடிகின்றனர். எஞ்சிய குழந்தையே பின்னர் சீசர் எனப் பெயர் பெற்றது. வணிக நெருக்கடி ஒன்றைத் தீர்ப்பதற்குச் செய்த தந்திரம், இவ்வரிசைக்கு அதன் மாபெருந் தலைவனைத் தந்தது.

1972இல் வந்த நான்காவது படம், முதற் படத்துக்குச் செலவான தொகையில் மூன்றிலொரு பங்குக்கும் குறைந்த செலவில் எடுக்கப்பட்டது. ஆனால் ஐந்தினுள்ளும் துணிவு மிக்கது அதுவே. நாயும் பூனையும் கொள்ளைநோயால் அழிந்தபின் குரங்குகளை வளர்ப்புப் பிராணிகளாகக் கொண்ட மனிதர், அவற்றின் கைத்திறனைக் கண்டு அடிமைகளாக்கி, ஏலம் விட்டு, அடித்துப் பயிற்றுகின்றனர். சீசர் அவ்வடிமைகளை ஒன்றுதிரட்டி நகரத்தைக் கைப்பற்றுகிறான். 1965 ஓகஸ்டில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வொட்ஸ் பகுதியிற் கறுப்பின மக்கள் கிளர்ந்தெழுந்து 34 பேர் மாண்ட நிகழ்ச்சியை மனத்திற்கொண்டே, நெறியாளர் லீ தொம்சன் கிளர்ச்சிக் காட்சிகளை அமைத்தார். ஆளுநரின் உதவியாளனான கறுப்பினத்தவன், தன் முன்னோரை நினைவுகூர்ந்தவனாய்ச் சீசருக்குத் துணைபோகிறான்.

இப்படத்தின் முதல் முடிவில் அடிமைகள் ஆளுநரை அடித்துக் கொன்றனர். வெளியீட்டுக்கு முன் பொதுமக்களுக்குக் காட்டியபோது பார்த்தவர் சிலர் அதிர்ந்தனர், கம்பனி அஞ்சியது. மீண்டும் படம் பிடிக்கப் பணமில்லை. எனவே சீசரின் கண்களை மட்டும் அண்மையிற் காட்டி, நடிகர் றொடி மக்டோவலின் குரலிற் புதிய சொற்களைச் சேர்த்து, வெற்றி பெற்ற அடிமை இரக்கம் பேசுவதாக முடிவை மாற்றினர். மூல முடிவு 2008இல் வந்த ஒளித்தட்டுப் பதிப்பிலேதான் பொதுமக்கள் கைக்குக் கிட்டியது. வன்முறையை நாம் போற்றவேண்டியதில்லை. சீசரின் இரக்கம் உயர்ந்ததே. ஆனால் அவ்விரக்கம் அவன் உள்ளத்திலிருந்து பிறந்ததா, வெட்டியொட்டும் மேசையிலிருந்து பிறந்ததா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. குகையை மூடுவதற்குக் குரங்கு அமைச்சர்தான் வேண்டுமென்பதில்லை.

1973இல் ஐந்தாவது படத்தோடு பழைய வரிசை முற்றியது. அடுத்த ஆண்டில் ஐந்து படங்களையும் ஒரே இருப்பிற் பார்க்கும் வகையிற் கம்பனி மீண்டும் திரையிட்டது. அவ்வாறு பார்த்தவர்களிடையே ஒரு வாதம் எழுந்தது. இன்றுவரை அது ஓயவில்லை. சீசரின் பெற்றோர் எதிர்காலத்திலிருந்து வந்தவர்கள். அவ்வெதிர்காலத்தை உண்டாக்கியதோ சீசரின் கிளர்ச்சி. அப்படியாயின் கதை ஒரு வட்டம். எவர் என்ன செய்தாலும் பூமி இறுதியில் எரிந்தே தீரும். ஆனால் ஐந்தாம் படத்தின் முடிவில் குரங்குப் பிள்ளைகளும் மனிதப் பிள்ளைகளும் ஒன்றாயிருந்து பாடங் கேட்கின்றனர். சீசரின் சிலை கண்ணீர் வடிக்கிறது. அது பாதை மாறியதற்கான ஆனந்தக் கண்ணீரா, மாறாததற்கான துயரக் கண்ணீரா? பொழுதுபோக்குப் படமொன்றின் இரசிகர் வாதிட்டது, விதி வலியதா மனிதர் செயல் வலியதா என்ற பெருவினாவைப் பற்றியே என்பது நோக்கத்தக்கது.

இரசிகர் வாதத்தோடு நின்றவர்களுமல்லர். 1968 படத்தில் விண்கலத்துக்குப் பெயர் சொல்லப்படவில்லை. 1970களில் ஓர் இரசிகர் அதற்கு 'இக்காரஸ்' எனப் பெயரிட்டார். சூரியனை நெருங்கிச் சிறகு உருகி வீழ்ந்த கிரேக்க இளைஞனின் பெயர் அது. பெயர் பொருந்தியமையால் ஏனைய இரசிகரிடையே அது நிலைத்தது. நாற்பதாண்டின் பின் வந்த மறுதொடக்கப் படத்தில், செவ்வாய்க்குச் செல்லும் விண்கலமொன்றின் பெயராக அதே 'இக்காரஸ்' ஒலித்தது. பத்திரத்தில் உரிமையில்லாதவர் இட்ட பெயரைப் பத்திர உரிமையாளர் எடுத்துக்கொண்டனர். நாட்டுப் பாடலைப் போலவே வணிகக் கதைக்கும் பெயர் தெரியாத ஆசிரியர் பலர் உண்டென்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டுமா?

2001இல் ரிம் பேர்ட்டன் எடுத்த படம் பணத்தை ஈட்டியது. ஆயினும் அதற்குத் தொடர்ச்சி எதுவும் எழவில்லை. ஒப்பனை மிகச் சிறந்தது. குகை மட்டும் வெறுமையாயிருந்தது. பத்தாண்டின் பின், றிக் ஜஃபா, அமண்டா சில்வர் தம்பதியர் எழுத்திலும் றூப்பேட் வயட் நெறியாள்கையிலும் 2011இல் வந்த படமே உண்மையான மறுதொடக்கம். முகமூடி நீங்கியது, நடிகர் அன்டி சேர்க்கிசின் முகத்தசைகளின் அசைவையே கணினி பதிந்து குரங்கின் முகமாக்கியது. காலப் பயணமும் நீங்கியது. சான் பிரான்சிஸ்கோவில், மறதி நோய்க்கு மருந்து தேடும் ஆய்வுகூடமொன்றிற் சீசர் பிறக்கிறான். அம்மருந்து குரங்குக்கு அறிவைத் தருகிறது. அதன் அடுத்த வடிவமோ மனிதனுக்கு மரணத்தைத் தருகிறது. ஏறத்தாழ 9 கோடி டொலர் செலவான அப்படம் ஏறத்தாழ 48 கோடி டொலர் ஈட்டியது. தொடர்ச்சி உறுதியாயிற்று.

அப்படத்தின் உச்சம் ஒரு சொல்லில் உள்ளது. தடியோங்கிய காவலனை நோக்கிச் சீசர் முதன்முதலாக வாய்திறந்து 'மாட்டேன்' என்கிறான். பழைய இரசிகருக்கு மெய்சிலிர்த்தது. ஏனெனில் அடிமைக் குரங்கொன்று முதன்முதற் பேசிய சொல் அதுவென 1971 படத்திற் கோர்ணீலியஸ் வரலாறு கூறுகிறான். 1972 படத்தின் வெளியான வடிவிலும் லிசா என்ற பெண்குரங்கு அதே ஆங்கிலச் சொல்லைச் சீசரை நோக்கிச் சொல்கிறாள். அங்கே அதன் பொருள் 'வேண்டாம்'. ஆங்கிலத்தில் ஒரு சொல். தமிழில் இரு சொற்கள். ஒன்று எசமானை நோக்கிய மறுப்பு. மற்றது வென்றவனை நோக்கிய வேண்டுகோள். மறுதொடக்கம் முதலாவதை மீட்டெடுத்துப் பெருமை பெற்றது.

படம் முடிந்தபின் இரசிகர் பேசியவை மூன்று வகைப்பட்டன. விண்வெளியில் தொலைந்ததாகப் பத்திரிகைச் செய்தியாற் காட்டப்பட்ட 'இக்காரஸ்' எப்போது திரும்பும், அது திரும்பினால் 1968 கதை மீண்டுஞ் சொல்லப்படுமா என்றனர் சிலர். எஞ்சிய மனிதருக்கும் குரங்குகளுக்கும் போர் மூளும் என்றனர் வேறு சிலர். குரங்குகளிடையிலேயே பிளவு தோன்றும் என்றனர் இன்னுஞ் சிலர். பின்னைய இரண்டும் நடந்தன. 2014 படத்தில், ஆய்வுகூடச் சித்திரவதையை மறவாத கோபா சீசருக்கு எதிராக எழுந்தான். 2017 படத்தில், சிறைமுகாமிற் குரங்குகள் மதில் கட்டும் கட்டாய உழைப்பில் நசுங்கின. அப்படத்தை நெறிப்படுத்திய மற் ரீவ்ஸ், தமக்குத் தூண்டுதலான படங்களுள் 'குவாய் ஆற்றுப் பால'த்தையும் குறிப்பிட்டவர். பூலின் ஒரு கதை பூலின் மற்றொரு கதைக்குள் இவ்வாறு வந்து புகுந்தது. விண்கலமோ 2024 வரையில் வந்த நான்கு படங்களிலும் திரும்பவில்லை.

இரசிகரின் ஆராய்ச்சியிற் பெரும்பகுதி பெயர் தேடுவதிலே கழிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காவலன் பெயர் பழைய விண்வெளி வீரர் இருவருடையது. மருந்துக் கம்பனித் தலைவன் பெயர் பழைய தயாரிப்பாளர் ஆதர் ஜேக்கப்ஸ் அவர்களுடையது. இவ்வாறான குறிப்புகளைக் கம்பனி வேண்டுமென்றே தூவிவைக்க, இரசிகர் பொறுக்கி மகிழ்ந்தனர். இது அகழ்வாராய்ச்சி அன்று. முன்னரே மண்ணிற் போட்டுவைத்த காசைத் தேடும் விளையாட்டு. கேட்கவேண்டிய கேள்வி வேறு. 1972இல் மனித ஆட்சி வீழ்ந்தது அடிமை முறையினால். 2011இல் அது வீழ்ந்தது ஒரு கிருமியினால். முன்னையது மனிதர் செய்த அநீதியின் விளைவு; பின்னையது ஆய்வுகூட விபத்தொன்றின் விளைவு. மருந்துக் கம்பனியின் இலாப வேட்கையை அப்படம் காட்டியது உண்மை. கூண்டின் கொடுமையையுங் காட்டியது. ஆயினும் ஏலச் சந்தையும் எசமானும் மறைந்து போயினர். இடித்த வீட்டோடு புதைந்தது இதுவே.

மற்றொன்றையும் மறத்தலாகாது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் குரங்கை உவமையாக்குவதில் தீங்கொன்று உண்டு. நிறவெறியர் கறுப்பின மக்களை இழிக்கப் பயன்படுத்திய வசைச் சொல்லும் அதுவே. இவ்வரிசையை அமெரிக்க நிறப் பிரச்சினையின் கண்ணாடியாக விரிவாக ஆராய்ந்த எரிக் கிறீனின் நூல் 1996இல் வெளிவந்தது. படம் சுரண்டலைக் கண்டிக்கிறதா, அச்சத்தை விற்கிறதா என்பதை ஒவ்வொரு படத்திலும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கவேண்டும். விழிப்புள்ள இரசிகர் அதனைச் செய்தும் வந்துள்ளனர்.

2019இல் பொக்ஸ் கம்பனியை டிஸ்னி வாங்கியதும் கதையின் உறுதிப் பத்திரம் கைமாறியது. 2024 மே மாதத்தில் வெஸ் போல் நெறியாள்கையில் வெளிவந்த படம், சீசர் இறந்து பல தலைமுறை கழிந்த காலத்தது. சீசரின் பெயரைச் சூடிக்கொண்ட புரொக்ஸிமஸ் என்ற அரசன், சீசரின் ஒற்றுமை மொழிகளையே முழக்கி, சிற்றூர்க் குரங்குகளை அடிமைகொள்கிறான். கடலோரத்திலுள்ள மனிதரின் பழைய பெட்டகமொன்றைத் திறப்பதற்கு அவர்களைக் கொண்டு வேலை வாங்குகிறான். விடுதலை வீரனின் வாசகம் அடக்குமுறையாளனின் வாயில் வந்து விழுவதைக் காட்டிய இப்படம், வரிசையின் பழைய அடிநாதத்தை மீட்டது எனலாம். பெட்டகத்தினுள் இளைஞன் நோவாவும் அவன் தோழரும் காண்பது ஒரு சிறுவர் படப் புத்தகம். அதிற் குரங்குகள் மிருகக்காட்சிச் சாலைக் கூண்டில் நிற்கின்றன. 1968இல் குகையிற் கிடந்த பொம்மைக்கு இது மறுதலை. அன்று மனிதன் ஆண்டதற்குப் பொம்மை சான்று; இன்று குரங்கு அடைபட்டதற்குப் புத்தகம் சான்று. பின்னர் பெட்டகத்துள் கடல் புகுந்துவிடுகிறது.

இதன்பின் வரக்கூடிய படங்களைப் பற்றி இரசிகர் பேசாத பொழுதில்லை. நோவா தொலைநோக்கியிற் கண்டது என்ன? அதனைப் படம் நமக்குக் காட்டவில்லை. மறைந்து வாழும் மனிதர் செய்மதி மூலம் ஒருவரோடொருவர் தொடர்பு கொண்டுவிட்டனர். இனிப் போரா, உடன்பாடா? 'இக்காரஸ்' இனியாவது வந்திறங்குமா? இவை நல்ல கேள்விகளே. ஆனால் இவற்றுக்கு முன்னே வைக்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அந்தப் படப் புத்தகத்தைக் கண்ட நோவா, தான் கண்டதைத் தன் ஊராருக்கு எவ்வாறு சொல்லப் போகிறான்? பகையை வளர்க்கவா, இனி எவரையுங் கூண்டில் அடைக்காதிருக்கவா? அவ்வினாவை எதிர்கொள்ளும் படமே முன்னையவற்றின் தொடர்ச்சியாகும். ஏனையவை எத்தனை வந்தாலும் விற்பனையின் தொடர்ச்சி மட்டுமே.

மறுதொடக்கத்தைக் கம்பனி எத்தனை முறையும் செய்யலாம். அதற்குச் சட்டம் இடங்கொடுக்கிறது. பார்த்தவரின் நினைவை மறுதொடக்கஞ் செய்வதற்கு எந்தச் சட்டமும் இல்லை. 1972இன் வெட்டுண்ட முடிவு மீண்டதும், ஃபோர்மன், வில்சன் பெயர்கள் 27 ஆண்டின் பின் உரிய இடத்துக்குத் திரும்பியதும், மறவாதவர் சிலர் இருந்தமையினாலேயே. கித்துல்கலையிற் பாலங் கட்டி எடுத்த அந்தப் படத்தையும் புதிதாக எடுப்பதற்கு ஒருநாள் எவரேனும் முன்வரலாம். அன்று நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி, தண்டவாளத்தின் ஓரத்தில் விழுந்து கிடந்த தோட்டத் தொழிலாளர் இந்தக் கதையில் எங்கே என்பதாகும்.